மண் மஞ்சளில் போட்ட கோடு

அன்புத் தர்மா, என் கூட்டாளி,

உனக்குக் கடிதம் எழுதுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. நமக்குள் எல்லாம் போன்தான். "எங்கடா நிக்கிற?" என்பாய், "ஹட்டன்ல" என்பேன், "வாடா" என்பாய், அவ்வளவுதான் பேச்சு. இப்போது அந்த நம்பரை அழுத்தினால் ஒரு பெண்குரல் சிங்களத்தில் என்னவோ சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. நானும் விடாமல் வாரத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உன் நினைவாக ஏதாவது எழுதித் தரும்படி பத்திரிகையில் கேட்டார்கள். உன் குணநலன்களை வரிசையாக எழுதி, ஆத்மா சாந்தியடையட்டும் என்று முடிக்க வேண்டுமாம். என்னால் முடியாது. என் ஆத்மாவே சாந்தியடையவில்லை, உன்னுடையதைப் பற்றி நான் எங்கே பேச? உதவி கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும்.

அவர்களுக்காக ஒரு வரி மட்டும். தர்மலிங்கமும் நானும் லிந்துலைப் பக்கத்தில் ஒரே தேயிலைத் தோட்டத்தில், குடும்பத்துக்கு ஒரு காம்பரா என்று நீளும் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர்கள். அவன் தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு மலைக்குப் போனான். நான் பத்திரிகைக்குப் படம் வரையப் போனேன். ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில், மதியத்துக்குப் பிறகு, மலைச்சரிவு அவனுடைய வீட்டின் பின்சுவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. அவன் காய்ச்சலோடு கட்டிலில் படுத்திருந்தான். மனைவி பரமேஸ்வரியும் மகளும் அப்போது வீட்டில் இல்லை.

இனி உன்னோடு பேசுகிறேன். விஷயம் இதுதான். பரமேஸ்வரியும் உன் மகளும் மறுபடியும் லயத்துக்கே போய்விட்டார்கள். உன் உயிர் போன பணிய லயம், அந்தக் கீழ் லயம், இப்போது வெறும் மண். அதற்கு மேலே இருக்கிற மேட்டு லயத்தில், மூன்றாவது காம்பராவில் இருக்கிறார்கள். அதன் பின்சுவரும் வெடித்திருக்கிறது. வெளியே தண்ணீர் ஓடுகிற கானிலிருந்து கூரை வரைக்கும் ஓடுகிற வெடிப்பை என் கண்ணால் பார்த்தேன். மழை பிடிப்பதற்குள் அவர்களை வெளியே எடுக்க வேண்டும். எனக்கு வழி தெரியவில்லை. நீ சொன்னால் அவள் கேட்பாள். நீ எங்கே இருக்கிறாய்?

அவளைக் குறை சொல்லாதே. நான்கு மாதம் பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்தாள். பாடம் நடத்த மண்டபம் வேண்டும் என்றார்கள், நியாயம்தானே. வீடு கட்டக் காணி தருவோம் என்ற அதிகாரி ஐயா ஒவ்வொரு தடவையும் சிங்களத்தில் "லபன சதியே" என்பார். அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று எத்தனையோ கிழமை போய்விட்டது. ஹட்டனில் என் மாடி அறைக்கு வரச் சொன்னேன். நான் வேறு எங்காவது படுத்துக்கொள்கிறேன் என்றேன்.

"வேலைக்கு வரலேன்னு தோட்டத்துச் செக்ரோல்ல பேர வெட்டிட்டா நான் எங்க போய் நிக்கிறது அண்ணே?" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "தனியா இருக்கிற ஆம்பள வீட்டுக்கு நான் புள்ளையோட வந்தா நாலு பேரு என்ன பேசுவாங்க? நீங்க எனக்குக் கூடப் பொறந்தவரா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கேட்டாள், அவ்வளவுதான்.

இப்போது உன்னிடம் மறைத்ததைச் சொல்ல வேண்டும். அந்தப் படத்தைப் பற்றி.

கட்டுரைக்குப் படம் போடுவது என்ன வேலை என்று நீ ஒருமுறை கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? எழுத்து சொல்வதை அப்படியே திரும்ப வரைவதில்லை, அதை வேறொரு பொருளின் மேல் ஏற்றிக் காட்ட வேண்டும் என்றேன். விலைவாசி என்றால் கடையை வரையக் கூடாது, தரையைத் தொடாத ஏணியை வரைய வேண்டும். பார்க்கிறவன் ஒரு கணம் நின்று, பிறகு தானாகப் புரிந்துகொள்ள வேண்டும். "அப்ப பொய்யி" என்றாய். "பொய் இல்லடா, ஒப்பு" என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான், நடத்து" என்று சிரித்தாய்.

வெடித்த லயங்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. ஞாயிறு இதழின் முதல் பக்கம், முழுப் பக்கமும் படம். மலையகம் என்றால் ஆளாளுக்குக் கோப்பையையும் கூடையையும் வரைந்து தள்ளுவார்கள். நான் அதைத் தொடவில்லை. மலையை ஒரு மனுஷி மாதிரி வரைந்தேன். பச்சைக் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறாள். கம்பளியின் மடிப்புகளில் லயங்கள் குட்டி குட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நடுவே மேலிருந்து கீழே தையல் பிரிந்துகொண்டு வருகிறது. அந்தப் பிரிகிற கோடு மட்டும் சிவப்பு. பக்கம் முழுக்கப் பச்சையும் நீலமும்தான், சிவப்பு அந்த ஒரே இடத்தில். கண் வேறு எங்கும் போக முடியாது. எனக்கே பார்க்கப் பயமாக இருந்தது. அன்றைக்குத்தான் என் வேலையைச் சரியாகச் செய்தேன் என்று நினைத்தேன்.

ஆசிரியர் போன் எடுத்தார். "சந்திரன், ஐடியா அருமை. ஆனா அந்தச் சிவப்பு கொஞ்சம் கடுமையா இருக்கு. ஞாயிற்றுக்கிழமை வீட்டுல எல்லாரும் விரிச்சு வச்சுப் பார்க்கிற பக்கம். காயம் மாதிரி இருக்கு பாருங்க. கொஞ்சம் இதமா ஏதாவது..."

காயம் மாதிரி இருக்கத்தானே ஐயா போட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. முதல் பக்கம் போய்விடுமோ என்று பயந்தேன். வேறு எந்தக் காரணமும் இல்லை. கணினித் திரையில் கோட்டைத் தொட்டேன், நிறத்தட்டில் மண் மஞ்சளைத் தொட்டேன், மாறிவிட்டது. கொட்டாவி விடுகிற நேரம்கூட ஆகவில்லை. வெயில் பட்ட ஒற்றையடிப் பாதை மாதிரி அழகாக ஆகிவிட்டது. பயம் போய்விட்டது. பார்த்தவர்கள் எல்லோரும் அழகு, அழகு என்றார்கள். வெடிப்பைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அதிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நீயும் அன்றைக்கே போன் எடுத்தாய். தலவாக்கலைக்குப் போய் மூன்று பேப்பர் வாங்கி வந்தேன் என்றாய். "ஒன் படத்த சுவத்துல ஒட்டிட்டேன்டா. கட்டிலுக்கு நேர் மேல. ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா மூணும். நீ போட்ட கோடும் என் வீட்டு வெடிப்பும் ஒரே நேரா நிக்குது, பொருத்தி ஒட்டிருக்கேன். பரமு கோதும மாவுல பசை காய்ச்சிக் குடுத்தா. இப்ப குளிரும் இல்ல, வெடிப்பும் இல்ல."

லயத்துச் சுவரில் பேப்பர் ஒட்டாத வீடு எது? நாம் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியதே படுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத்தானே. அதனால் எனக்கு அது விசித்திரமாகப் படவில்லை. அப்போது அந்த வெடிப்பு தீக்குச்சி நுழைகிற அளவுதான், அதுவும் எனக்குத் தெரியும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பொருத்தமாத்தான் ஒட்டிருக்க, ஃபிரேம் போட்டு வை" என்றேன். சிரித்தேன். வெடிப்பைப் பார்க்கச் சொல்லி வரைந்த படத்தால் நீ வெடிப்பை மூடிவிட்டாய், அதைக் கேட்டு நான் சிரித்தேன், தர்மா. கிழித்துப் போடுடா என்று ஒரு வார்த்தை வரவில்லை. பெருமையாக இருந்தது. என் படம் மூன்று பிரதி, உன் கட்டிலுக்கு மேல்.

நீ போய் ஒரு மாதம் கழித்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் பரமேஸ்வரி அந்த நாளைச் சொன்னாள். பகல் சாப்பாட்டுக்கு மலையிலிருந்து இறங்கி வந்தாளாம். உனக்குக் கஞ்சி கொடுத்தாளாம். அப்போது சுவரைப் பார்த்திருக்கிறாள்.

"படத்துல அந்தக் கோடு கொஞ்சம் தடிச்சுத் தெரிஞ்சிச்சு அண்ணே. ஈரத்துல மை ஊறிப்போச்சு போலன்னு நெனச்சேன். அவருகிட்டயும் சொன்னேன். அவரும் பாத்துட்டு, ஆமா, மைதான்னாரு. நான் கொழுந்து பறிக்கப் போயிட்டேன். கைய வச்சுப் பாத்திருக்கலாம். ஒரு தடவ கைய வச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

அது மை இல்லை. தாள் கிழிந்து வெடிப்பு வாயைத் திறந்திருக்கிறது. உள்ளே இருப்பது கல்லும் மண்ணும். சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் நம் லயத்துச் சுவர் என்ன நிறம் என்று உனக்குத் தெரியும். நான் தேடிப் பிடித்துப் போட்ட அதே மண் மஞ்சள். கிழிந்த இடமும் வரைந்த இடமும் ஒன்றாகிப் போயின. முதலில் போட்ட சிவப்பாக இருந்திருந்தால், சிவப்புக்கு நடுவே மஞ்சள் வாயைப் பிளந்துகொண்டு தெரிந்திருக்கும். அவள் கத்தியிருப்பாள். நீ எழுந்து ஓடியிருப்பாய்.

இதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, வைத்துப் பார்த்திருக்கலாம், வைத்துப் பார்த்திருக்கலாம் என்கிறாள். நான் தலையைக் குனிந்துகொண்டு தேத்தண்ணி குடித்தேன். என் பாரத்தை அவள் தலையில் ஏற்றிவிட்டு, நாலு மாதம் அரிசியும் பாணும் வாங்கிக் கொடுத்துக்கொண்டு நல்ல மனுஷன் வேஷம் போட்டேன்.

நேற்று இந்த இடத்தில் நிறுத்தினேன். இன்று தொடர்கிறேன்.

அவள் மேட்டு லயத்துக்குப் போனதும் எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். படம் போட்டேன். வெடித்த சுவர், அதன் கீழே ஒரு கட்டில், கட்டிலில் ஆள் இல்லை. பெரிய தாளில் சிவப்பில் அடித்து, காலையில் எல்லோரும் பேர் கொடுக்க வந்து நிற்கிற பெரட்டுக் களத்தில் ஒட்டினேன். கங்காணி வந்து பார்த்துவிட்டு, "இது எந்தச் சங்கத்து நோட்டீசு தம்பி?" என்று கேட்டார். சிவப்பு ஒரு தொழிற்சங்கத்துக் கொடி, மற்றச் சங்கத்துக்காரர்கள் திரும்பியே பார்க்கவில்லை. அடுத்த நாள் மஞ்சளில் போட்டேன். "அம்மனுக்குக் காப்புக் கட்டுறது எப்ப?" என்றாள் ஒருத்தி. நீலத்தில் போட்டால் அது இன்னொரு சங்கத்துக் கொடி.

கடைசியில் கறுப்பில் போட்டேன். அதற்குத்தான் கூட்டம் கூடியது. யார் செத்தது என்று பார்க்க வந்தார்கள். பெயர் இல்லை என்றதும் வேலைக்குப் போய்விட்டார்கள். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். நானும் சிரிக்கத்தான் பார்த்தேன். இந்த நிறம் என்றால் அபாயம், அந்த நிறம் என்றால் அமைதி என்று கொழும்பில் நாலு பேருக்கு வகுப்பெடுத்தவன் நான். நான் பிறந்த தோட்டத்தில் எந்த நிறம் என்ன பேசும் என்று எனக்குத் தெரியவில்லை.

பரமேஸ்வரி அந்தப் படங்களைப் பார்த்தாளா என்று கேட்டேன். "பாத்தேன் அண்ணே, நல்லா இருக்கு" என்றாள். நல்லா இருக்கு.

அவளுடைய காம்பராவுக்குள் போய்ப் பார்த்தேன். போன கையோடு சுவர் முழுக்கப் புதிதாகப் பேப்பர் ஒட்டியிருக்கிறாள். மூலை மூலைக்குச் சுருக்கம் இல்லாமல், உன்னை மாதிரியே. "வெளியதான் வெடிப்பு. உள்ளுக்கு ஒண்ணும் இல்ல பாருங்க" என்று சுவரைத் தட்டிக் காட்டினாள். உன் மகள் கட்டிலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே ஒரு சவர்க்கார விளம்பரமும், பாதி ராசிபலனும், அதற்குப் பக்கத்தில் நான் எப்போதோ வரைந்த ஒரு படமும். என்ன செய்வது தர்மா? இழுத்துக்கொண்டா வர முடியும்? போலீசிடமா சொல்ல முடியும்? கும்பிட்டுப் பார்த்தேன். "போங்க அண்ணே, ஒங்களுக்கு மனசு சரியில்ல" என்றாள்.

இன்று காலையில் ஹட்டனில் வானம் அடைத்துக்கொண்டு வந்தது. படம் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. தலவாக்கலை பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து மாறி, மழைக்கு முன்னால் ஓடி வந்தேன். வேலை இல்லாத நாள், அதனால் இருவரும் வீட்டில்தான் இருந்தார்கள். அவள் எனக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனாள். வேண்டாம் என்றேன்.

"தங்கச்சி, அது மை ஊறுனது இல்ல."

"எது?"

"அன்னைக்குக் கோடு தடிச்சிருந்துச்சுன்னு சொன்னியே. அது தாளு கிழிஞ்சது. உள்ள இருந்த மண்ணு தெரிஞ்சிருக்கு. நான் அந்தக் கோட்ட மண்ணு கலர்ல போட்டிருந்தேன், அதுனாலதான் ஒனக்குத் தெரியல. மொதல்ல செவப்புலதான் போட்டேன். மாத்தச் சொன்னாங்க. மாத்திட்டேன். நீ கைய வைக்காதது குத்தம் இல்ல. நான் கலர மாத்துனதுதான் குத்தம்."

அவள் கையில் வைத்திருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். கூரையில் முதல் தூறல் விழுந்தது.

"கலர மாத்துனது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொல்லல."

"அவரு படத்த ஒட்டிட்டுப் போன் எடுத்தாரே. அப்பக் கூடவா?"

"அப்பக் கூட இல்ல. வெடிப்பு மேல ஒட்டிருக்கேன்னு சொன்னான். நான் சிரிச்சேன்."

அவள் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து கட்டிலை இழுத்தாள். மகளைத் தூக்கிக் கதவுப் பக்கம் நிற்க வைத்தாள். பிறகு சுவரில் நகத்தை வைத்துப் பேப்பரைக் கிழிக்கத் தொடங்கினாள். சவர்க்காரம், ராசிபலன், என் படம், எல்லாம் வந்தது. அவளுக்கு முன்னால் அங்கே இருந்தவர்கள் ஒட்டியது அதற்குக் கீழே, அவர்களுக்கும் முன்னால் இருந்தவர்கள் ஒட்டியது அதற்கும் கீழே. நானும் கிழித்தேன். நகக்கண்ணில் ரத்தம் வந்தது, அவளுக்கும் வந்தது. கடைசித் தாளை இழுத்தபோது சுண்ணாம்பும் பொலபொலவென்று கூடவே விழுந்தது.

அவள் வெடிப்புக்குள் கையை விட்டாள். மணிக்கட்டு வரைக்கும் போனது. அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு கையை எடுத்து, அதிலிருந்த ஈரத்தைச் சீலையில் துடைத்தாள்.

"புள்ள புஸ்தகத்த எடுங்க" என்றாள்.

இப்போது கோயில் மண்டபத்தில் இருக்கிறோம். அவள், உன் மகள், மூட்டை இரண்டு, நான் தூணுக்கு இந்தப் பக்கம். நாங்கள் கிழித்த சத்தம் கேட்டு வந்து பார்த்த இரண்டு குடும்பமும் கூடவே வந்திருக்கிறது. மற்ற ஒன்பது காம்பராவிலும் ஆட்கள் இருக்கிறார்கள். கதவைத் தட்டித் தட்டிச் சொன்னேன், தொண்டை கட்டிவிட்டது. மழை இப்போது நன்றாகப் பிடித்துவிட்டது. இந்த மண்டபத்திலும் எத்தனை நாள் விடுவார்கள் என்று தெரியாது. நாளைக்குப் பெரட்டுக்கு அவள் மறுபடியும் அந்த மலைக்குத்தான் போக வேண்டும்.

புத்தகத்தை எடுக்கச் சொன்னதற்குப் பிறகு அவள் என்னோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. மகள் வழியாகக்கூட எதுவும் சொல்லி அனுப்பவில்லை. சொல்லாமல் இருந்திருந்தால் என்னைக் கடைசிவரை அண்ணே என்றே கூப்பிட்டிருப்பாள், அந்தச் சுவருக்குக் கீழே இருந்துகொண்டு.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ சும்மா கொடுத்துவிடுவாய், உன் புத்தி அப்படி. ஒன்றே ஒன்று சொல்கிறேன். மேட்டு லயத்தில் மிச்சம் இருக்கிற கதவுகளை இந்த மழையில் இப்போதே போய்த் தட்டுகிறேன். உள்ளே விட்டால் என் கையாலேயே சுவரை உரிக்கிறேன். உன் மகள் பயமில்லாமல் படுக்க ஒரு சுவர் கிடைக்கும்வரை ஹட்டனுக்குத் திரும்பமாட்டேன். அவள் அம்மா முகம் கொடுக்காவிட்டாலும், இந்தத் தூணுக்கு இந்தப் பக்கம் நான் இருப்பேன்.

அவள் இனி அப்படிக் கூப்பிடாவிட்டாலும் பரமேஸ்வரிக்கு அண்ணன்,
உனக்கு மச்சான்,
சந்திரன்